உயிர்பெற்ற ஓவியங்களும் தொடரும் கதைகளும்

பழைய வட ஆர்க்காட்டு நிலப்பரப்பில், இன்று இராணிப்பேட்டை மாவட்டத்துள் அமைந்திருப்பது நெமிலி என்னும் ஊர். வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த வேளாண் பகுதி அது. அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களை வரிசையாகக் காண்பர். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அவ்வூர்களில் சுண்ணாம்பு நீரில் ஊறி, மயிர் நீங்கி, பதமுற்று, காலணிகளாகவும் கைப்பைகளாகவும் உருமாறிக் கடல் கடந்து செல்கின்றன. ஆதலின் தோல் என்றவுடன் அப்பகுதிச் சிறுவர்க்கு முதலில் செருப்பே நினைவுக்கு வரும். ஆயினும் தோலுக்குக் கலையுலகில் மற்றொரு வாழ்வும் உண்டு. இன்று சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்துள்ள கார்ட்டூன் படங்களின் முன்னோர் யாவர் என்று ஆராய்ந்து செல்வோர், முடிவில் ஆட்டுத்தோலிடமே வந்து சேர்வர்.

தோற்பாவைக் கூத்துக்கு உரிய தோல், செருப்புக்கு உரிய தோலைப் போன்று பதனிடப்படுவதில்லை. மயிரைச் சுரண்டி நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். அவ்வாறு உலர்ந்த தோல் விளக்கொளியைத் தன்னூடே செல்ல விடும். அதனை இராமன், சீதை, அனுமன் என உருவங்களாக வெட்டி, அணிகலன்கள் தோன்றவேண்டிய இடங்களில் சிறு துளைகள் இட்டு, வண்ணம் தீட்டுவர். வெண்துணித் திரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி, திரையோடு ஒட்டிப் பாவைகளை ஆட்டினால், முன்னே அமர்ந்திருப்போர்க்கு வண்ணச் சித்திரங்கள் எழுந்து நடப்பதாகத் தோன்றும். தமிழகத்தில் இக்கலை தென் மாவட்டங்களில் மிகுதியும் நிலைத்தது. வடக்கே ஆந்திர நாட்டிலோ ஏறத்தாழ ஆள் உயரத்திற்குப் பாவைகள் செய்து, தோள், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் மூட்டுகள் வைத்து ஆட்டினர். திரை, ஒளி, ஓவியம், அசைவு, குரல் ஆகிய ஐந்தும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. திரைப்படத்திற்கு வேறு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். ஆட்டுவிப்போன் கை ஓய்ந்தால் பாவையும் ஓய்ந்துவிடும். அவன் இல்லாத ஊரிலும் பாவை ஆடவேண்டுமாயின், அதன் அசைவுகளைப் பதிந்து வைக்க ஒரு வழி தேவை. அவ்வழியைச் செருமனி நாட்டு லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி கையாண்டார். கரிய தாளில் உருவங்களை வெட்டி, மூட்டுகளை இணைத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். உருவத்தின் கையை மயிரிழையளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார். மீண்டும் சிறிது நகர்த்தி மற்றொரு படம் எடுப்பார். இவ்வாறு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து, அராபியக் கதைகளைத் தழுவி அவர் ஆக்கிய இளவரசர் அகமதுவின் கதை 1926-இல் வெளிவந்தது. அழியாமல் எஞ்சியுள்ள நெடும்படங்களுள் இவ்வகையில் முதியது அதுவே. நம் தோற்பாவைக்கு அது தங்கை முறை ஆகும் எனலாம்.

இத்தகைய படத்தைத் தமிழில் அசைவூட்டப் படம் என்பர். அதன் நுட்பம் மிக எளியது, உழைப்போ மலைக்கத்தக்கது. சிறிது சிறிதாக வேறுபடும் படங்களை விரைந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், கண்ணும் உள்ளமும் அவற்றைத் தனித்தனிப் படங்களாகக் கொள்ளாமல் ஒரே அசைவாகக் கொள்கின்றன. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு மணி நேரத்திற்குக் கணக்கிட்டால் 86,400 படங்கள் ஆகும். ஒரு நாளில் உள்ள நொடிகளின் தொகையும் இதுவே. ஓர் ஓவியத்தை இருமுறை படம் பிடித்து உழைப்பைப் பாதியாக்குவதும் உண்டு. அப்போதும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் வேண்டும். 1937-இல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' இவ்வாறே எண்ணற்ற ஓவியர்களின் கையால் உருவாயிற்று. பின்னர் 1995-இல் 'டாய் ஸ்டோரி' என்னும் நெடும்படம் முழுவதும் கணினியிலேயே ஆக்கப்பட்டது. கணினியில் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைவதில்லை. உருவத்தை ஒருமுறை பொம்மைபோல் சமைத்து, அதற்கு மூட்டுகள் அமைத்து, அம்மூட்டுகளை வேண்டியவாறு அசைக்கின்றனர். மூட்டு வைத்த பாவையை ஆட்டிய பழைய முறை, கணினியின் வழியே மீண்டும் வந்தது போலும்!

இந்திய நாட்டிலும் இக்கலை நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1913-இல் அரிச்சந்திரன் கதையைத் திரைக்குக் கொணர்ந்த தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்னரே ஒரு பட்டாணிச் செடி வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து, விதை முளைத்துக் கொடியாவதைச் சில நொடிகளில் காட்டினார். 1956-ஆம் ஆண்டளவில் டிஸ்னியின் கலைக்கூடத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, நடுவணரசின் திரைப்படப் பிரிவில் இருந்த ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் ஆக்கிய குறும்படம், புத்த சாதகக் கதைகளுள் ஒன்றாகிய ஆலமரத்து மானின் கதை. அங்குப் பயின்றோருள் ஒருவரான ராம் மோகன் பின்னாளில் இத்துறையின் முதல்வராக மதிக்கப்பெற்றார்.

இனி, இப்படங்களைச் சார்ந்த ஒரு வழக்கத்தைக் காணலாம். ஒரு படம் வெற்றி பெற்றால் அதற்கு 'இரண்டாம் பாகம்' வருகின்றது. அதுவும் வென்றால் மூன்றாம் பாகம், நான்காம் பாகம் என வளர்கின்றது. சிறுவர் படங்களில் இவ்வழக்கம் மிகுதி. அதன் காரணம் அறிதற்கு அரிதன்று. புதிய கதைக்குப் புதிய உருவங்களைச் சமைக்க வேண்டும். அவற்றை மக்களுக்கு அறிமுகம் செய்யவும் பெரும்பொருள் செலவாகும். முன்பே சிறுவர் நெஞ்சில் இடம் பெற்ற உருவத்திற்கோ அறிமுகம் வேண்டா. பள்ளிப் பையிலும் தண்ணீர்க் குப்பியிலும் அவ்வுருவம் முன்னரே அச்சாகி வீடு புகுந்திருக்கும். வணிகர் இதனை நன்கு அறிவர்.

ஆயினும் வணிகர் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 1933-இல் டிஸ்னி வெளியிட்ட 'மூன்று பன்றிக்குட்டிகள்' என்னும் குறும்படம் அமெரிக்க நாடெங்கும் பெரும்புகழ் பெற்றது. இன்னும் பன்றிக்குட்டிகள் வேண்டும் என்று திரையரங்கினர் கேட்டனர். அதே குட்டிகளையும் அதே ஓநாயையும் வைத்து மேலும் மூன்று படங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் முதற் படத்தின் புகழை எட்டவில்லை. இப்பட்டறிவு பெற்றும், பிற்காலத்தில் அந்நிறுவனம் திரையரங்குக்கு அனுப்பாமல் நேரே வீட்டு வீடியோ நாடாவாக விற்கும் இரண்டாம் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. 'அலாவுதீன்' படத்தைத் தொடர்ந்து 1994-இல் வந்த 'ஜாபரின் வருகை' அவ்வாறு வந்ததே. செலவைக் குறைத்து ஆக்கப்பட்ட அவ்வகைப் படங்கள் பல. நன்கு விற்பனையாயின என்பது உண்மை. முதற் பாகத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கவை மிகச் சிலவே.

கதையைத் தொடர்வதே குற்றமோ எனின், அன்று. கதையைத் தொடர்ந்து கேட்கும் ஆர்வம் மாந்தர்க்கு இயல்பானது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறுவதைக் கண்டோர் இதனை அறிவர். அறுவடை முடிந்த கோடையில் பகற்பொழுதில் பாரதம் படித்து விரித்துரைப்பார் ஒருவர்; இரவில் தெருக்கூத்து நிகழும். ஒருநாள் வில்வளைப்பு, ஒருநாள் துகிலுரிதல், ஒருநாள் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறும் அருச்சுனன் தபசு, ஒருநாள் அபிமன்யு வதை, ஒருநாள் கர்ண மோட்சம். முந்திய இரவு விட்ட இடத்திலிருந்தே மறுநாள் கதை மேற்செல்லும். பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன், அபிமன்யு நாளை என்ன ஆவான் என்பதைத் தன் பாட்டியின் வாயிலாக முன்னரே அறிந்திருப்பான். அறிந்திருந்தும் மறுநாள் இரவு முன்வரிசையில் இடம்பிடிக்க ஓடுவான். கதை அறிந்ததே ஆயினும் நாள்தோறும் அது மாறிக்கொண்டே செல்கின்றது. முதல்நாள் வில்லேந்தி மகிழ்ந்தோர் இறுதியில் மைந்தரை இழந்து நிற்கின்றனர். தரையில் மண்ணாற் சமைத்துக் கிடத்திய துரியோதனன் உருவம் படுகளத்தன்று வீழ்ச்சியுற, விரித்த கூந்தலைத் திரௌபதி முடிக்கின்றாள். அவ்வளவில் பாரதம் முற்றுப்பெறும். கூட்டம் மிகுதியாக வந்தது என்பதற்காகத் துரியோதனனை எழுப்பி மற்றொரு முறை சூதாடவைக்கும் வழக்கம் எவ்வூரிலும் இல்லை.

தமிழ் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்குகின்றன. முன்னதன் கதை தொடர்வது பின்னதில். சிலம்பின் தலைவன் கோவலன் மதுரையில் கொலையுண்டான்; கண்ணகி விண்ணகம் சென்றாள். புகழ்பெற்ற அவ்விருவரையும் மீண்டும் உயிரோடு கொணர்ந்து மற்றொரு சிலம்பையும் மற்றொரு பொற்கொல்லனையும் வைத்துக் கதை பின்னுவது எளிதாக இருந்திருக்கும். கூலவாணிகன் சாத்தனார் அதனைச் செய்தாரல்லர். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளைத் தலைவியாகக் கொண்டார். சிலம்பு முடிந்தபோது இளம் பெண்ணாக இருந்தவள், இங்கே அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தோர் முகம் பார்த்து உணவளிக்கின்றாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு மன்னனை வேண்டிப் பெறுகின்றாள். தந்தையின் இறப்பு அவள் நெஞ்சில் வடுவாக உள்ளது. ஆயினும் அவள் கேட்கும் வினா வேறு. செல்லும் வழியும் வேறு. ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றைத் தேடிப் பிறநாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை.

பிறநாட்டிலும் அத்தகைய சான்று அறவே இல்லாமற் போகவில்லை. 'டாய் ஸ்டோரி'யின் கதை பொம்மைகளைப் பற்றியது. ஆண்டி என்னும் சிறுவன் அறையில் இல்லாதபோது அவனுடைய பொம்மைகள் எழுந்து பேசும். அவன் வரும் ஓசை கேட்டால் பழையபடி சாய்ந்து கிடக்கும். புதிய பொம்மை ஒன்று வந்ததும், தனக்குரிய இடம் போய்விடுமோ என்று பழைய பொம்மை ஒன்று பொறாமை கொள்கின்றது. 1999-இல் வந்த இரண்டாம் பாகம் முதலில் வீட்டு வீடியோவுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர்த் திரையரங்குப் படமாக உயர்த்தப்பட்டது. மூன்றாம் பாகம் வர மேலும் பதினோர் ஆண்டுகள் சென்றன. 2010-இல் அது வந்தபோது ஆண்டி சிறுவனாக இல்லை. வளர்ந்து கல்லூரிக்குப் புறப்படும் இளைஞன். பொம்மைகளோ வளரவில்லை. அவற்றை என் செய்வது என்பதே அப்படத்தின் கதை. 1995-இல் முதற் பாகத்தைப் பெற்றோரின் மடியிலிருந்து கண்ட ஆறு வயதுக் குழந்தைக்கு, 2010-இல் இருபத்தோரு வயது. அவனும் அவ்விடைக்காலத்தில் தன் பொம்மைகளை எங்கோ விட்டுவிட்டிருப்பான். ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸ் முதற் பாகத்தில் சிறுவர். அவரே மூன்றாம் பாகத்திலும் பேசினார். இடையில் அவர் குரலும் உடைந்து ஆண்குரலாகிவிட்டது. ஓவியத்தில் காட்டிய வளர்ச்சியைக் குரலும் தாங்கி நின்றது. இளைஞன் தன் பொம்மைகளை அண்டையில் வாழும் சிறுமி ஒருத்திக்கு அளித்து, அவளோடு சிறிது நேரம் விளையாடி விடைபெறும் காட்சியில், குழந்தைகளைக் காட்டிலும் உடன் வந்த தந்தையரே மிகுதியும் கண் கலங்கினர் என்றால் வியப்பில்லை.

'இன்சைட் அவுட்' என்னும் படமும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு சிறுமியின் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளையே ஆட்களாக்கி நடமாடவிட்ட கதை அது. 2015-இல் வந்த முதற் பாகத்தில் அவளுக்குப் பதினொரு வயது. அவள் உள்ளத்தில் உவகை, அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல் என ஐவர் இருந்தனர். இவ்வைந்தும் தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அடங்குவன என்பதைத் தமிழ் கற்றோர் கண்டு மகிழ்வர். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வயது பதின்மூன்று. பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்னும் புதியவர் நால்வர் முன்னறிவிப்பு இன்றி வந்து புகுகின்றனர். அவருள் பதற்றம் என்பதே ஆட்சியைக் கைப்பற்றி மற்றவரை வெளியேற்றுகின்றது. பதின்மூன்று வயதை எட்டிய மாணவர் எவர்க்கும் இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

எல்லாத் தொடர்களையும் இந்த அளவுகோலால் அளப்பது பொருந்தாது. விக்கிரமாதித்தன் கதைகளும் தெனாலிராமன் கதைகளும் நெடுங்காலமாக வழங்குகின்றன. தெனாலிராமன் எக்கதையிலும் மூப்படைவதில்லை. ஒரு கதையில் கற்ற பாடம் மறுகதையில் நினைவிலிருப்பதும் இல்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வன அல்ல. ஒரே நூலில் கோத்த மணிகள். எந்த மணியை முதலில் தொட்டாலும் இழப்பில்லை. திருவனந்தபுரத்தில் உள்ள டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனைத் தொலைக்காட்சிக்கு அசைவூட்டத் தொடராக்கியது இயல்பான பொருத்தமே. ஐதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் படைத்த சோட்டா பீமும் அவ்வினத்தைச் சேர்ந்தவன். 2008-இல் தொலைக்காட்சியில் தோன்றிய அவன், 2012-இலும் 2013-இலும் திரையரங்குக்கும் வந்தான். என்றும் சிறுவனாகவே இலட்டு உண்டு பகைவரை வெல்கின்றான். அவனிடம் முதுமையையும் முதிர்ச்சியையும் எதிர்பார்ப்பது நம் தவறாகும். ஆனால் தொடர்கதை என்று பெயர் சூட்டிக்கொண்டு வருவது வேறு. 2005-இல் வெளிவந்த 'அனுமான்' இந்தியச் சிறுவரிடையே நல்வரவேற்புப் பெற்றது. 2007-இல் வந்த 'அனுமான் மீண்டும்' அக்கதையை மேற்செலுத்தாமல், அனுமனை இக்காலத்துச் சிறுவனாகப் பிறப்பித்தது. பெயர் ஒன்றே, கதை வேறு, மனநிலையும் வேறு. அனுராக் காசியப் இயக்கிய அப்படத்தில் நகைச்சுவை மிகுதி. எனினும் முதற் பாகத்தைக் கண்டு, இலங்கையை எரித்தவனின் அடுத்த செயலைக் காணச் சென்ற சிறுவர் வேறொரு விருந்தையே பெற்றனர்.

தமிழ்ச் சிறுவரின் நிலை சற்றுத் தனியானது. அவர்கள் காணும் அசைவூட்டப் படங்களுள் பெரும்பாலானவை பிறமொழியில் பிறந்து தமிழில் குரல் பெற்றவை. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி, அயல்நாட்டுச் சித்திரங்களைத் தமிழ் பேசவைத்து வீடுதோறும் கொண்டு சேர்த்தது. டோராவின் பயணங்களைத் தமிழில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 2019-இல் 'சிங்க ராசா' கதையின் புத்துருவம் தமிழில் வந்தபோது சிம்பாவுக்குச் சித்தார்த்தும், அவன் சிற்றப்பனுக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தனர். அதே ஆண்டில் 'புரோசன்' படத்தின் இரண்டாம் பாகத்தில் எல்சா சுருதிஹாசனின் குரலில் தமிழ் பேசினாள். குரல் கொடுப்போர் பணி எளிதன்று. ஆங்கிலத்தில் ஓரசையில் முடியும் சொல்லுக்குத் தமிழில் நான்கசை வேண்டியிருக்கும். ஓவியத்தின் வாயோ முன்னரே வரையப்பட்டுவிட்டது. அவ்வாய் மூடுமுன் சொல்லி முடிக்கவேண்டும். இந்நெருக்கடியில் நல்ல தமிழ்ச் சொல் நழுவி, பொருந்தாச் சொல் புகுவதும் உண்டு. குழந்தை அச்சொல்லையே தன் சொல்லாகக் கொண்டு பள்ளிக்கு வருகின்றது.

தமிழிலேயே பிறந்த படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. 1989-இல் ஏவி.எம். தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ஒரு பாடற்காட்சியில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் வரையப்பட்ட விலங்குகளோடு ஆடினர். அக்காட்சியை அந்நாளைய சிறுவர் இன்றும் மறக்கவில்லை. 2007-இல் இளையராசாவின் இசையோடு 'இனிமே நாங்கதான்' என்னும் முழுநீள அசைவூட்டப் படம் வந்தது. 2014-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்', நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவத்திற்கு ஏற்றும் முறையில் ஆக்கப்பட்டது. கதை இன்னும் உண்டு என்னும் எதிர்பார்ப்பை எழுப்பி அப்படம் முடிந்தது. அதன் இரண்டாம் பாகம் வரவில்லை. தொடரவேண்டாத கதைகள் பிறநாட்டில் பல பாகங்களாகத் தொடர்கின்றன. தொடர இடம் வைத்த தமிழ்க் கதையோ பாதியில் நிற்கின்றது. பொருட்செலவே காரணம் என்பர். தமிழ் வழங்கும் எல்லைக்குள் மட்டும் ஓடி, அத்துணைப் பெருஞ்செலவை மீட்பது கடினம் என்பதும் மெய்யே. இந்தியாவில் ஆக்கப்பட்டு 2025-இல் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளிவந்து பெருவெற்றி கண்ட 'மகாவதார் நரசிம்மா', பல மொழியினரும் அறிந்த பிரகலாதன் கதையைத் தேர்ந்துகொண்டது. திருமாலின் ஏனைய பிறப்புகளை அடுத்தடுத்த படங்களாக்கப் போவதாகவும் அதனைச் செய்தோர் அறிவித்தனர்.

இங்கு ஒன்று நினைவிற்கொள்ளத் தக்கது. யூகோ சாகோ என்னும் ஜப்பானியர் இராமாயணத்தில் ஈடுபாடு கொண்டு, ராம் மோகனோடு இணைந்து, இந்திய ஓவியரும் ஜப்பானிய ஓவியரும் சேர்ந்து உழைக்க, அக்கதையைக் கையால் வரைந்த முழுநீளப் படமாக ஆக்கினார். 1992-இல் அது முற்றுப்பெற்றது. தோற்பாவையாக ஆடிய இராமனும் அனுமனும் அதில் வண்ணத்தாளில் ஆடினர். பட்டாபிடேகத்தோடு நிற்கும் கதை ஆதலின் இரண்டாம் பாகம் என்ற பேச்சு எழவில்லை. அப்படம் தமிழகத் திரையரங்குகளில் தமிழ் பேசி வெளிவந்தது 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில். வரைந்து முடித்த முப்பத்து மூன்றாம் ஆண்டில்.